சோறில்லாத தட்டு

6 மார்ச் 1933, திங்கள்

சோறு இல்லாமல் இது மூன்றாவது வாரம்.

காலையில் முட்டை, பால் விடாத தேநீர். மதியம் பள்ளிக்கூடத்தில், அக்கா கட்டித் தந்த மீனும் கீரையும். மாலை வீட்டில் மறுபடி மீன், மறுபடி கீரை, வெள்ளரிக்காய்.

ஒன்றும் தோன்றவில்லை. பசி வருகிறது. யாருக்கோ வந்த தபாலைப் போல வருகிறது. என் பெயர் இல்லை என்று வைத்துவிடுகிறேன்.

இன்று ஒன்றைக் கவனித்தேன். அக்கா எனக்குப் பரிமாறும்போது கறிகளைத் தட்டின் ஓரத்தில்தான் வைக்கிறாள். மீன் ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம், வெள்ளரிக்காய் விளிம்பில். நடுவில் ஒன்றும் இல்லை. சோற்றுக்கு விட்ட இடம். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கை அப்படித்தான் போகிறது. எனாமல் தட்டின் வெள்ளை, வட்டமாக, நடுவில்.

அத்தானும் பார்த்திருக்கிறார். "என்ன மச்சான், கோயிலைச் சுத்திக் கும்பிடுற மாதிரி ஓரத்தாலை சாப்பிட்டுக்கொண்டு வாறீர்?" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. நானும்.

9 மார்ச், வியாழன்

கிள்ளானில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

டாக்டர் கோஷ் சொன்னதைக் குறித்து வைக்க வேண்டும். தலையில் எதுவும் தங்குவதில்லை இப்போது.

மே பதினாறாம் தேதி மருத்துவர் குழுவின் முன் நான் நிற்க வேண்டும். தேறினால் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை நிரந்தரம். சிறுநீரில் சர்க்கரை இருந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால், அடுத்த கப்பலில் யாழ்ப்பாணம். அங்கே யாரும் இல்லை. கல்லூரிப் படிப்பு முடிந்து சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஊர் முழுக்க ஆட்குறைப்பு. அதற்கிடையில் இந்தத் தற்காலிக வேலை கிடைத்ததே பெரிது என்று அத்தான் சொல்கிறார். பெரிதுதான்.

டாக்டர் சொன்னது: "உன் நோய் இன்னும் சாப்பாட்டுக்குள் அடங்குகிற நிலையில்தான் இருக்கிறது. ஊசி இப்போது வேண்டாம். ஊசிக்காரனைக் குழு எடுக்காது. சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை, எல்லாவற்றையும் விடு. கொழுப்பை விடாதே."

கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு தரம் சொன்னார். தலையாட்டினேன்.

11 மார்ச், சனி

வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற அறையில் சோதனை. நீல மருந்து கொஞ்சம், அதில் என் சிறுநீர்ச் சொட்டுகள். ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள், இன்னும் அதிகம். செங்கல் நிறம் வந்தால் தோல்வி. செங்கல் சூளைகளின் பெயரைக் கொண்ட ஊரில் இருந்துகொண்டு செங்கல் நிறத்துக்குப் பயப்படுகிறேன்.

பயம் என்று எழுதினேன். பயமா? தெரியவில்லை. பயப்பட வேண்டிய இடம் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

இன்று நீலம்.

அக்கா கதவுக்கு வெளியே நின்றாள். "தண்ணி என்ன சொல்லுது?"

"நீலம்."

"நீலமெண்டா நல்லதுதானே?"

"ஓம்."

அவள் போகவில்லை. இன்னும் ஏதோ நல்லது சொல்வேன் என்று நின்றாள்.

14 மார்ச், செவ்வாய்

அத்தான் என் பெல்ட்டில் ஆணியால் ஒரு புதுத் துளை போட்டுக் கொடுத்தார். "இதுக்கு மேலை போனா நீர் என்ரை கைக்கடிகாரப் பட்டியைத்தான் இடுப்பிலை கட்டவேணும்."

19 மார்ச், ஞாயிறு

நீலம்.

பாசாருக்கு அக்காவோடு போனேன். கங்கோங் கீரை, சாளை மீன், தேங்காய். அரிசிக் கடைக்கு முன்னால் வந்ததும் அவள் நடை மெதுவானது. வீட்டில் அவளுக்கும் அத்தானுக்கும் அரிசி வேண்டும், வாங்கத்தான் வேண்டும். ஆனால் கடைக்காரர் அளக்கும்போது அவள் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். குற்றம் செய்கிறவளைப் போல.

அப்பாவைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. எழுதலாமா? எழுதினால் என்ன.

அப்பாவுக்கும் இதே சலரோகம். 1919ஆம் ஆண்டு. அவர் கிள்ளான் ஸ்டேஷனில் வேலை, நாங்கள் அங்கே குவாட்டர்ஸில். அம்மா அதற்கு முன்பே இல்லை. அந்தக் காலத்து வைத்தியம் பட்டினி. சோறும் இல்லை, கொழுப்பும் இல்லை, எதுவும் இல்லை. கீரையை மூன்று தண்ணீரில் அவித்து, மூன்று தண்ணீரையும் ஊற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும். சாரம் கூட உடம்பில் சேரக் கூடாதாம். டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவுக்குப் பதினைந்து வயது. அவள்தான் சமையல்.

அப்பா கட்டிலில் இருந்துகொண்டு "ஒரு பிடி" என்பார். எதில் ஒரு பிடி என்று சொல்ல மாட்டார். அக்கா அவித்த கீரையைக் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார். நன்றி சொல்வது போல.

நான் சின்னவன். பக்கத்து அறையில் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

அவ்வளவுதான். எழுதிவிட்டேன். எதுவும் ஆகவில்லை.

23 மார்ச், வியாழன்

டாக்டர் கோஷ் இன்று கோபப்பட்டார். தராசில் நிற்கச் சொன்னார். முள்ளைப் பார்த்தார். என் விலாவைத் தொட்டுப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்க்கிற மாதிரி.

"சர்க்கரை இல்லை. நல்லது. ஆனால் ஆளும் இல்லையே. என்ன சாப்பிடுகிறாய்?"

சொன்னேன். கீரை. மீன். அவித்த முட்டை.

"எண்ணெய்?"

"இல்லை."

"வெண்ணெய்? தேங்காய்? மீனின் கொழுப்பு?"

அக்கா எல்லாவற்றையும் அவித்துத்தான் தருகிறாள். நான் கேட்டதில்லை. எனக்கு எப்படியும் ஒன்றுதான்.

"நீ கணக்குப் படித்தவன் தானே," என்றார். "கழித்திருக்கிறாய். கூட்டவே இல்லை. சோறு தந்த பலத்தை வேறு எது தரும் என்று யோசித்தாயா? இப்படியே போனால் குழுவுக்கு முன்னால் நீ நடந்து போக மாட்டாய். தூக்கிக்கொண்டு போவார்கள்."

பிறகு கேட்டார்: "உனக்கு என்னதான் தோன்றுகிறது?"

"ஒன்றும் இல்லை, டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வீட்டில் சமைக்கிறவரை அனுப்பு," என்றார்.

28 மார்ச், செவ்வாய்

அக்கா தனியாகக் கிள்ளானுக்குப் போய் வந்திருக்கிறாள். அத்தானுக்கு ரயில்வேயில் கொடுத்த பாஸில். பதினான்கு வருடத்தில் அந்த ஊருக்கு அவள் போனது இதுதான் முதல் தரம். நான் அப்போது வகுப்பில் இருந்தேன். எனக்குச் சொல்லவில்லை.

டாக்டருக்குத் தமிழ் வராது, அவளுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் கம்பவுண்டர் தம்புசாமி. மாலையில் அத்தானுக்கு அவள் விவரம் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தும் எனக்கு இல்லாதது போல.

"கொழுப்பு வேணுமாம். அதுதான் மருந்தாம். என்ன கொழுப்பு எண்டு கேட்டன். டாக்டர் இங்கிலீசிலை ஏதோ சொன்னவர். கம்பவுண்டர் திருப்பிச் சொன்னவர், நல்லெண்ணெயாம், நிறைய நல்லெண்ணெயாம். முட்டையும் நல்லெண்ணெயும்."

"நல்லெண்ணெயே? டாக்டரோ?"

"ஓம். ரெண்டு தரம் கேட்டு வந்தனான்."

அவள் முகத்தில் ஏதோ தெளிந்திருந்தது. வங்காளி டாக்டர், சீமையில் படித்தவர், கடைசியில் அவளுக்குத் தெரிந்ததையே சொல்லியிருக்கிறார்.

29 மார்ச், புதன்

விடிந்ததும் அக்கா வந்து நின்றாள். ஒரு கையில் பச்சை முட்டை, மேலே சிறு துளை. மற்றக் கையில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெய்.

"முட்டையை உறிஞ்சு. பிறகு எண்ணெயை ஒரே மூச்சிலை விடு. மணக்காதை."

செய்தேன். எண்ணெய் தொண்டையில் ஒரு துணியைப் போல இறங்கியது.

அத்தான் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பாதி முகத்தில் நுரை.

"புனிதவதி, இது பெரியபிள்ளையானதுக்குக் குடுக்கிறதெல்லே?"

அக்கா காலிக் கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இல்லை, கேக்கிறன். எங்கடை தங்கச்சிக்கு அம்மா இப்பிடித்தானே குடுத்தவ. பச்சை முட்டை, நல்லெண்ணெய். மூலைக்குள்ளை இருத்தி." சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மச்சான், தண்ணி வாக்கிற நாள் எப்ப? ஸ்டேஷன் மாஸ்டருக்கும் சொல்லவேணும். சேலை என்ன நிறம் எடுக்கிறது?"

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம். சிரித்தாளா?

இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ நாள்.

1 ஏப்ரல், சனி

எண்ணெய்க்கார நாகையா தள்ளுவண்டியோடு வாசலுக்கு வந்தான். வழக்கத்தை விட அதிகமாக அக்கா கேட்டதும் அவனுக்குச் சந்தேகம்.

"ஏம்மா, உங்க வீட்ல பொம்பளப் புள்ளயே கெடயாதே? யாரு வயசுக்கு வந்துட்டா?"

"தம்பிக்கு."

"தம்பியா." அவன் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டான். "படிச்ச தம்பியா? காலேஜு தம்பியா?"

"டாக்டர் சொன்னவர்."

"டாக்டர் சொன்னா சரி லா." ஊற்றிக்கொண்டே இருந்தான். "எங்க ரப்பர் தோட்டத்து லயத்துலயும் புள்ள பெத்தவளுக்கு இதத்தான் குடுப்போம். பத்து நாள்ல எந்திரிச்சு பால் மரம் வெட்டப் போயிருவா. தம்பி எந்திரிச்சா எங்க போவாரு?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"அதுக்கு இவ்ளோ எண்ணெ வேணாமே லா."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

6 ஏப்ரல், வியாழன்

நீலம். பெல்ட்டில் பழைய துளை.

அக்கா இப்போது எதையும் அவிப்பதில்லை. சாளை மீன் நல்லெண்ணெயில் பொரிகிறது. கீரையில் துருவிய தேங்காய்ப்பூ, கையளவு. கத்தரிக்காய் எண்ணெயில் மிதக்கிறது. முட்டையின் மஞ்சள் கரு மட்டும் தனியாக வேறு. டின்னில் வரும் ஆஸ்திரேலிய வெண்ணெயைக் கோழி மேலே வைக்கிறாள், அது உருகி ஓடுவதை நின்று பார்க்கிறாள். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு குவளை கெட்டித் தேங்காய்ப்பால்.

உடம்பு ஏற்றுக்கொள்கிறது. படியேறும்போது மூச்சு வாங்குவதில்லை. வகுப்பில் உட்காராமல் நின்று பாடம் சொன்னேன்.

உடம்புக்கு நடப்பது எனக்கு நடப்பதாகத் தோன்றவில்லை. யாரோ ஒருவனைக் கொழுக்க வைக்கிறார்கள். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன்.

தட்டின் நடு இன்னும் வெறுமைதான்.

13 ஏப்ரல், வியாழன்

வருடப் பிறப்பு. அக்கா பச்சரிசியில் புக்கை பொங்கினாள். வீடு முழுக்கப் பாலும் சர்க்கரையும் மணத்தன. எனக்கு நெய்யில் பொரித்த கத்தரிக்காய், இறைச்சி இல்லாத நாள் என்பதால் தயிர், தேங்காய்.

அத்தானின் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கேட்டார், "தம்பி சாப்பிடேல்லையோ?"

அக்கா சொன்னாள், "அவன் சாப்பிடுறேல்லை."

விடியற்காலை முதல் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் கறி. சோறு தின்னாதவன் சாப்பிடாதவன். எங்கள் மொழியில் நான் பட்டினி கிடக்கிறேன்.

வந்தவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். அக்கா அவர்களின் பார்வையைப் பார்த்தாள்.

17 ஏப்ரல், திங்கள்

பச்சை.

கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மறுபடி செய்தேன். பச்சை.

20 ஏப்ரல், வியாழன்

மஞ்சள்.

நான் எதையும் மாற்றவில்லை. புக்கை தொடவில்லை. பழம் தொடவில்லை.

24 ஏப்ரல், திங்கள்

செங்கல்.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மருந்தை மாற்றித் தானே செய்து பார்த்தார். அதே நிறம்.

"எங்கே திருடுகிறாய்?" என்று கேட்டார். "காப்பிக் கடையிலா? பிள்ளைகள் தருகிற பலகாரமா?"

"இல்லை."

"உடம்பு பொய் சொல்லாது."

நானும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நம்புகிறாரா இல்லையா என்பதில் எனக்கு என்ன இருக்கிறது?

நோய் முற்றியிருக்கலாம், அப்படியானால் ஊசிதான், என்றார். ஊசியென்றால் குழு இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

27 ஏப்ரல், வியாழன்

செங்கல்.

அக்கா வாசலில் கேட்டாள், "தண்ணி என்ன சொல்லுது?"

"நீலம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க ஏலாமல் இருந்தது. எனக்கு ஏலாது. ஏலாதெண்டு ஆருக்குச் சொல்லுறது? எண்ணெய் குடிச்சன், முட்டை குடிச்சன், சொன்னதெல்லாம் செய்தன். அப்பாவும் சொன்னதெல்லாம் செய்தவர்தானே. சொன்னபடி செய்தே போனவர். நானும் அப்பிடித்தான் போகப்போறன் போலை.

பதினாறாம் தேதிக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதி விலகிவிடலாம். கப்பல் ஏறலாம். எழுதலாம். நாளைக்கு.

30 ஏப்ரல், ஞாயிறு

இன்று கண்டுபிடித்தேன்.

மாலை தேங்காய்ப்பால். வழக்கமாக ஒரே மூச்சில் குடித்துவிடுவேன். இன்று பாதியில் வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றேன். ரயில் பாதையில் எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து எடுத்தபோது குவளையின் அடியில் ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டேன். மா. வறுத்த மாவின் நிறம். நாக்கில் வைத்தேன்.

இனிப்பு.

இரண்டு வாரமாக இதைக் குடிக்கிறேன். இனிப்பு எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை நோயாளி, இனிப்பைத் தேடி வீடெல்லாம் மோப்பம் பிடிக்க வேண்டியவன், வாயில் வைத்தும் தெரியவில்லை. செங்கல் நிறத்தைக் கண்டபோது வராத பயம் இப்போது வந்தது.

அடுப்படிக்குப் போனேன். அக்கா தாச்சியில் உழுந்து வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பனங்கட்டி, ஊரிலிருந்து வந்தது, ஓலைக் குட்டானில்.

"இது என்ன அக்கா?"

அவள் மறைக்கவில்லை. "உழுத்தம்மா. எண்ணெயும் முட்டையும் குடிச்சா உழுத்தங்களி குடுக்கத்தானே வேணும். இல்லாட்டி குடல் புண்ணாகும். எல்லாருக்கும் அப்பிடித்தான் குடுக்கிறது. களியாத் தந்தா நீ தொடமாட்டாய். அதுதான் பாலுக்குள்ளை கரைச்சனான். வருசப் பிறப்புக்கு வறுத்தது, அண்டு தொடக்கம் குடுக்கிறன்."

"டாக்டர் மாவும் இனிப்பும் கூடாதெண்டு சொன்னவர் அக்கா."

"சோறு கூடாது, பாண் கூடாது, கிழங்கு கூடாது, சீனி கூடாது. உழுந்தை ஒருத்தரும் சொல்லேல்லையே. பனங்கட்டி சீனியே? அது மருந்து."

"தண்ணி சிவந்து போச்சு."

அகப்பை நின்றது. "நீ நீலமெண்டு சொன்னாய்."

"பொய் சொன்னன்."

உழுந்து கருகத் தொடங்கியது. அவள் தாச்சியை இறக்கவில்லை. நான்தான் துணியைப் பிடித்து இறக்கி வைத்தேன்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவுக்கு நான் சொன்னபடி செய்தனான். மூண்டு தண்ணி எண்டா மூண்டு தண்ணி. ஒரு சொட்டு மாத்தேல்லை. சொன்னபடியே எல்லாம் செய்தனான் தம்பி. இந்த முறை ஒண்டு கூடச் செய்து பாப்பமெண்டு—"



எனக்கு அவளைத் தொட வேண்டும் போல இருந்தது. தொடவில்லை. பழக்கம் இல்லை. தாச்சியில் இருந்த கருகிய உழுந்தைக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினேன். கோழிகள் ஓடி வந்தன.

2 மே, செவ்வாய்

டாக்டரிடம் உழுந்து என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. பிறகு களி. பிறகு பெண்பிள்ளை, பிறகு சடங்கு. அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த எண்ணெயை யார் கொடுக்கச் சொன்னது?"

"நீங்கள்தான்."

"நானா? எள்ளெண்ணெயா? இந்த ஊரில் அது எங்கே விற்கிறது என்று கூட எனக்குத் தெரியாதே."

தம்புசாமியைக் கூப்பிட்டார். அவர் கதவருகே நின்றார், நெற்றியில் வேர்வை. "நல்ல எண்ணெயாப் பாத்து நெறைய குடுக்கச் சொல்லுன்னு டாக்டர் இங்லீஷ்ல சொன்னாரு, தம்பி. நான் அப்படியேதான் தமிழ்ல சொன்னேன். நல்ல எண்ணெ, நெறைய. அக்கா 'நல்லெண்ணெயா'ன்னாங்க. ஆமா, நல்ல எண்ணெதான்னேன். நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஓர் இடைவெளி விழுந்திருந்தால் வெண்ணெயோ வேறெதுவோ வாங்கியிருப்பாள். இடைவெளி இல்லாமல் கேட்டதால் அவளுக்குத் தெரிந்த ஒரே நல்லதைச் செய்தாள். அது தனியாக வராது, முட்டையோடும் களியோடும்தான் வரும்.

டாக்டருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தார். தம்புசாமி அவர் சிரிப்பதைப் பார்த்துப் பயந்து தானும் சிரித்தார்.

"எண்ணெய் இருக்கட்டும். அது உன்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. முட்டையை மட்டும் அவித்துச் சாப்பிடு. களிதான் வேண்டாம்," என்றார். "உன் அக்காவிடம் சொல், அவர் செய்ததில் பாதி சரி."

வீட்டில் வந்து சொன்னேன். "பாதியோ," என்றாள்.

7 மே, ஞாயிறு

பச்சை. குறைந்து வருகிற பச்சை.

பாலை அவள் என் கண் முன்னே பிழிகிறாள். தேங்காய்ப்பூ, வெந்நீர், துணி. குவளையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டிவிட்டு ஊற்றுகிறாள். நான் கேட்கவில்லை.

அத்தான்: "வித்தைக்காரன் தொப்பியைக் காட்டுற மாதிரியெல்லே காட்டுறாய். முயல் வருமோ?"

12 மே, வெள்ளி

நீலம்.

"தண்ணி என்ன சொல்லுது?"

குழாயையே கதவுக்கு வெளியே நீட்டினேன். அவள் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தானே பார்த்தாள்.

15 மே, திங்கள்

நீலம். அக்காவும் பார்த்தாள்.

நாளைக்கு என்ன ஆனாலும் என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். என்ன ஆனாலும் என்று நான் நினைக்கவில்லை. தேற வேண்டும் என்று இருக்கிறது. இது எப்போது வந்தது?

16 மே, செவ்வாய்

மூன்று டாக்டர்கள். மேசை. என்னை ஆடை களையச் சொன்னார்கள், மூச்சு இழுக்கச் சொன்னார்கள், கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். என்னுடைய நீலத்தை வேறு யாரோ பார்த்தார்கள்.

டாக்டர் கோஷ் கடிதம் கொடுத்திருந்தார், எல்லாவற்றையும் எழுதி. நடுவில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தகப்பனாருக்கும் இருந்ததா?"

"இருந்தது."

"அவர்?"

"பட்டினி வைத்தியம்," என்றேன். வாய்விட்டு யாரிடமும் சொன்னது இதுவே முதல் தரம். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அங்கிருந்த பியூன் என்னைப் பார்த்து, "சாப்ட்டாச்சா தம்பி?" என்றார். சும்மா கேட்பதுதான்.

"சாப்பிட்டாச்சு அண்ணே," என்றேன்.

28 மே, ஞாயிறு

நேற்றுக் கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. நிராகரிப்பும் இல்லை. தற்காலிக வேலை இன்னும் ஒரு வருடம் தொடரலாம். அடுத்த ஆண்டு மறுபடி சோதனை. அத்தான் ஸ்டேஷன் தந்தியைப் படிக்கிற குரலில் அதைப் படித்தார். பிறகு, "ஒரு வருசத்துக்கு எண்ணெய் வேணும், நாகையாவுக்குச் சொல்லு," என்றார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா அவருக்குச் சோறு போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். எனக்குத் தட்டை வைத்தாள். சாளை மீன் பொரியல், எண்ணெயில் மினுங்குகிற கத்தரிக்காய், தேங்காய்ப்பூப் போட்ட கீரை.

கீரையை நடுவில் வைத்தாள். குவித்து. அதைச் சுற்றி மீன், கத்தரிக்காய்.

கை தானாகச் செய்ததா, நினைத்துச் செய்தாளா, தெரியவில்லை. அவித்த கீரை இல்லை. தேங்காய் இருந்தது, எண்ணெய் இருந்தது, மிளகாய் உறைத்தது. உறைப்பு நாக்கில் நன்றாகத் தெரிந்தது.

நடுவிலிருந்து சாப்பிடத் தொடங்கினேன். தீர்ந்துவிட்டது. தட்டின் வெள்ளை மறுபடி தெரிந்தது.

"அக்கா," என்றேன், "இன்னும் ஒரு பிடி தா."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அவள் கை சட்டியின் மேல் நின்றது. அத்தான் நிமிர்ந்து பார்த்தார். வெளியே ஒரு ரயில் போயிற்று, அது முழுவதும் போகும்வரை கை அங்கேயே இருந்தது.

பிறகு அள்ளினாள். நடுவில் வைத்தாள். இன்னும் அள்ளினாள்.